கல்லடிப் பாலத்துச் செவிடர்

கோணாமலைக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் ஒடுங்கிய கல்லடிப் பாலத்தில் சைக்கிளை ஏற்றிவிட்டால், பின்னால் எந்த மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்தாலும் மனிதர் செவிடு. நடுவழியை விடவே மாட்டார். பாலம் என்ன, மோட்டார்சைக்கிள்காரனின் சீதனமா?

அவருக்குப் பின்னால் உறுமி உறுமியே வின்சன்ற் மாஸ்டர் பத்து வருடமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார்.

அறுபத்தைந்தாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, கோணாமலை கரியரில் கட்டியிருந்த கொடுவா மீன் நழுவிப் பாலத்தில் விழுந்தது. பின்னால் வந்த வின்சன்ற் கத்தினார்:

“அண்ணன், உங்கட மீன் விழுந்திற்று!”

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் திரும்பினால் பத்து வருடச் செவிடு பொய்யாகிவிடுமே! கழுத்தை விறைத்துக்கொண்டு மிதித்தார்.

வீட்டில் மனைவி அன்னப்பூரணி கறிக்கு அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“இஞ்சருங்க, மீன் எங்க?”

கோணாமலைக்கு அதுவும் கேட்கவில்லை.