என் கடையில் விட்டுப்போன செருப்பு

தேங்காய் பழக் கடை வைத்தவனுக்கு எதிர்க்கடைதான் முதல் வியாதி. சர்க்கரை, பிரஷர் எல்லாம் அதற்கப்புறம் வருகிறவை. உங்களுக்கும் எங்கேயாவது ஓர் எதிர்க்கடை இருக்கும், அதனால் சொன்னால் புரியும். திருத்தணி மலைப் படிக்கட்டு அடிவாரத்தில் என் கடை. நேர் எதிரே முனிரத்தினம் கடை. அவன் என் வீட்டுக்காரியின் தம்பி. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவனை அழைத்துவந்து இடம் பிடித்துக் கொடுத்ததே நான்தான். அவன் அதை மறந்து ரொம்ப நாளாயிற்று. நான் மறக்கவில்லை.

வாக்குமூலம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அர்ச்சனைத் தட்டு எந்தக் கடையில் வாங்குகிறார்களோ, அங்கேதான் செருப்பையும் விடுவார்கள். அன்று காலை சென்னையிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் தட்டு வாங்கினார், செருப்பை விட்டார், மலை ஏறினார். சாமி பார்த்துவிட்டு இறங்கி, மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயாமல், முனிரத்தினம் கடை வாசலில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். நாலு பேர் வந்து ரோட்டு நடுவில் இழுத்துப்போட்டு வெட்டிச் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இறந்தவர் சென்னையையே ஆட்டிவைத்த ரவுடிக் கூட்டத்தின் தலைவர் என்பது டிவியில் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் போலீஸ் கடை கடையாக விசாரித்தது. செருப்பு என் பலகைக்கு அடியில் கிடக்கிறது. அதைக் காலாலேயே ஒரு சாக்குக்குள் தள்ளிவிட்டேன். கோயிலிலிருந்து வந்தவர் வெறுங்காலோடு கிடந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் ஏட்டு நோட்டைத் திறந்ததும், "அவர் என் கடைக்கு வரவே இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நான் இன்னும் உன் பேரையே கேக்கலியே பெரியவரே!"

நகரி வேன்

ரத்தம் சிந்திய இடத்தில் யார் தேங்காய் வாங்குவார்கள், முனிரத்தினம் கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த வாரமே நகரியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய அம்மா நேராக என்னிடம் வந்தார். "அண்ணா, அந்த மர்டர் ஆன கடை எது?" என்றார். முதல் போணி போய்விடக் கூடாதே என்று, "அது கெடக்கட்டும்மா, தட்டு வாங்கிக்கினு மலைக்குப் போங்க" என்றேன்.

"தட்டு அங்கியே வாங்கிக்கிறோம் அண்ணா, நீங்க எடத்த மட்டும் காட்டுங்க!"

சாக்பீஸ் வட்டம்

கேட்பவர்களுக்கெல்லாம் காட்டுவதற்காக, செத்தவர் விழுந்த இடத்தில் முனிரத்தினம் தினமும் காலையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். ஜனங்கள் மிதித்து அழிந்துவிடும். மறுநாள் புதிதாகப் போடுவான். போடப்போட அந்த வட்டம் அவன் கடைப் பக்கமாக நகர்ந்தது. ரோட்டு நடுவில் விழுந்தவர், ஆறு மாதத்தில் அவன் வாழைப்பழத் தாருக்குக் கீழே வந்துவிட்டார். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் தம்பி கடை எதிர்ல செத்தான். ஒனக்கு வயித்தெரிச்சலா இருந்தா, ஒன் கடை எதிர்ல யாரனாச்சும் வந்து சாவச் சொல்லு, போ!"

கண்ணாடிப் பெட்டி

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அவன் கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி முளைத்தது. உள்ளே பளபளவென்று ஒரு ஜோடி தோல் செருப்பு, மேலே ஒரு பூமாலை. இறந்தவர் கடைசியாகக் கழற்றிவிட்டதாம். அசல் செருப்பு என் கடையில் சாக்குக்குள் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் போலீஸிடம் பொய் சொன்னவன் ஆவேன், இந்த வயதில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். காட்டாவிட்டால் என் கடையில் செருப்பு விட ஒருவரும் இல்லை. ஒருநாள் பொறுக்காமல் ரோட்டைத் தாண்டிப் போய், "ஏன்டா, அவரு உன் கடையிலயா செருப்பு விட்டாரு?" என்று கேட்டேன். முனிரத்தினம் நிதானமாகப் பூவைக் கிள்ளிக்கொண்டே சொன்னான்.

"நீதான போலீஸுக்கு வாக்குமூலம் குடுத்த பாவா, ஒன் கடைக்கு வரவே இல்லன்னு? அப்ப வேற எங்க வுட்டிருப்பாரு?"

அசல்

அந்த ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அத்தனை செருப்பும் எதிர்க்கடையில் குவிந்தது. மறுநாள், கோர்ட்டோ ஜெயிலோ வருவது வரட்டும் என்று துணிந்துவிட்டேன். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்த அரக்கோணத்துத் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சாக்கைப் பிரித்துச் செருப்பையும் கையில் கொடுத்தேன். நீல வார் ரப்பர் செருப்பு. ஒரு வார் பிய்ந்து, ஊக்கு குத்தியிருக்கும். அவர் வைத்திருந்தபடியே வைத்திருந்தேன். அந்தத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார், எதிரே கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"எவ்ளோ பெரிய ஆளு, ஊக்கு குத்துன செருப்பா போட்டுக்கினு வருவாரு? தொழில்ல போட்டி இருக்க வேண்டியதுதான் தாத்தா, அதுக்காக இப்டியா?"

முப்பது வருஷமாக இந்த அடிவாரத்தில் நான் சொன்னதிலேயே ஊர் மொத்தமும் நம்பியது அந்த ஒரே பொய்யைத்தான், அதை வைத்துப் பிழைக்கிறவன் எதிர்க்கடைக்காரன்.