பி பாசிடிவ் என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். என் நண்பன் குணசேகரன் இரத்தமின்றிக் கிடந்தபோது, அவனுக்கு வேண்டிய அதே இரத்தம் என் உடம்பில் ஓடுகிறது என்று அறிந்திருந்தும், வேறு வகை என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல... அந்த ஒரே நாளில் மூன்று பேரிடம்!

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியிராது என்ற தைரியம்தான், வேறென்ன?

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நான்கு பேர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். மயிலாப்பூரில் நான். மந்தைவெளியில் குணா, அப்பா இல்லை, அவன் அம்மா ஜாக்கெட் தைத்து அவனைப் படிக்கவைத்தார். தியாகராய நகரில் ரகுவும் அவன் தங்கை ஜெயந்தியும். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த ரகுவின் அத்தை மகன் ஒரு பெட்டி நிறையச் சீட்டுகளை விட்டுவிட்டுப் போனான். ரம்மிச் சீட்டு அல்ல. இரத்தக் காட்டேரிகளின் படம் போட்டவை. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு கிழட்டுக் காட்டேரி. வட்டமாக உட்கார்ந்து, இடப்பக்கம் இருப்பவரின் இரத்தத்தை உறிஞ்ச வேண்டும். வலப்பக்கம் இருப்பவரிடமிருந்து தப்ப வேண்டும். இரத்தம் தீர்ந்தால் வெளியே. இரத்தத்துக்குக் கணக்காகச் சிவப்புப் பொத்தான்களை வைத்துக்கொண்டோம். குணாவின் அம்மா கொடுத்தவை.

அப்படி ஆடினால், முதலில் வெளியேறியவர் மணிக்கணக்கில் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஆகவே அதே ஆட்டத்தின் இன்னொரு வகைக்கு மாறினோம். இரண்டிரண்டு பேராகக் கூட்டு. கூட்டாளிகள் எதிரெதிரே அமர வேண்டும். ஒருவருக்கு இரத்தம் குறைந்தால் மற்றவர் தன்னுடையதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். யாருக்கு யார் கூட்டு என்பதைத் துண்டுக் காகிதம் குலுக்கி முடிவு செய்வோம்.

ரகு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் முழுக்க இதுதான். குணா எனக்குக் கூட்டாக வாய்த்தால் எனக்குக் கவலையே இல்லை. பொத்தான்களை எண்ணிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளிவிடுவான்.

"இந்தா மச்சி, வாங்கிக்க. நான் அவுட்டானா இன்னா, நீ கீறியே!"

அவனை எனக்குப் பிடிக்கும். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மிகவும் பிடிக்கும்... அந்த ஞாயிற்றுக்கிழமை வரையில்.

அன்று காகிதத்தைக் குலுக்கப் போனேன். ஜெயந்தி என் கையைத் தடுத்தாள்.

"இன்னிக்குக் குலுக்க வேண்டாமே. நானும் குணாவும் ஒரு பக்கம்."

ரகு தன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் எதையும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். குணா தலை நிமிராமல் சிரித்ததைக் கவனித்தேன். அவள் காது சிவந்ததையும். ஒன்றரை வருடமாக நான் அந்த வீட்டு மாடிப்படியை எதற்காக ஏறினேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது!

அன்று குணா எனக்கு இடப்பக்கம். விடாமல் அவனையே தாக்கினேன். அவனுக்குக் குறையக் குறைய ஜெயந்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் இருவருமே காலி. தோற்றவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வென்ற நான் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். குணா படி வரைக்கும் வந்தான்.

"இன்னாடா கோவமா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். நான் அவனோடு பேசிய கடைசி வார்த்தை அது.

திங்களும் செவ்வாயும் அவன் கண்ணில் படாமல் இருந்தேன். புதன்கிழமை காலை. பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனவன், லஸ் திருப்பத்தில் கை நழுவி விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கி, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. செய்தி கேட்டு நான் மருத்துவமனைக்கு ஓடியபோது மணி பத்தரை. அறுவை செய்தாக வேண்டும். அதற்கு நான்கு பாட்டில் இரத்தம் வேண்டும். அங்கே இருந்ததோ ஒன்று. அவனுடைய வகை ஓ நெகடிவ். அகப்படுவது அரிது என்றார் நர்ஸ்.

எனக்கும் அதுதான்... முந்தைய வருடம் கல்லூரியில் இரத்ததான முகாம் நடந்தபோது விரல் நுனியில் குத்திப் பார்த்துச் சொன்னார்கள். பெரிய ஊசியைக் கண்டதும் பின்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

குணாவின் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, உன் ரத்தம் இன்னா குரூப்பு?"

"பி பாசிடிவ்மா."

எவ்வளவு சுலபமாக வந்தது! ரகு கேட்டான், அதையே சொன்னேன். ரகுவும் ஜெயந்தியும் பரிசோதனைக்குக் கை நீட்டினார்கள், இருவருக்கும் பொருந்தவில்லை. நர்ஸ் என்னையும் கூப்பிட்டார். "எனக்குத் தெரியும் சிஸ்டர், பி பாசிடிவ், போன வருஷம்தான் காலேஜ்ல பார்த்தாங்க" என்றேன். அதில் பாதி உண்மை, பாருங்கள்...

ஊசிக்குப் பயந்தேனா? பயம் உண்மைதான். ஆனால் அது மட்டுமா? ஜெயந்தி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவனுக்காக அழுதாள். அதைப் பார்த்தபடிதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். இரண்டில் எது என் வாயைத் திறந்தது? இத்தனை வருடம் கேட்டும் எனக்கே பதில் கிடைக்கவில்லை.

இரத்தவங்கியில் கொடையாளர் பெயர்கள் சிலவற்றை எழுதிக் கொடுத்தார்கள். ரகு எழும்பூர்ப் பக்கம் போனான். நான் அடையாறு போகிறேன் என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அங்கே நிற்க முடியவில்லை எனக்கு!

நினைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் ஆட்டோவில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறேன். தேடிப் போகிற பொருளை நானே சுமந்துகொண்டு போகிறேன். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் முகவரிக்காரர் ஊரில் இல்லை. மூன்றாவது, ஒரு வங்கியில் வேலை பார்த்த அம்மாள். நாற்பது வயதிருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

ஆட்டோவில் அவர் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தார். "ஊசின்னா எனக்கு இன்னமும் பயம்தான் தம்பி. கொடுக்கிறப்ப மட்டும் கண்ணை மூடிப்பேன்" என்றார்.

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. ரகு ஒரு பாட்டிலோடு வந்திருந்தான். அந்த அம்மாளும் கொடுத்தபின், மூன்று பாட்டிலை வைத்துக்கொண்டே குணாவை அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் குணா இறந்துபோனான்.

பதினொன்றுக்கே இன்னொரு பாட்டில் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா? டாக்டரிடம் ரகு அதைத்தான் கேட்டான். "சொல்ல முடியாதுப்பா" என்றார் டாக்டர். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கூடத் தேவலை. இல்லை என்றால் அதைவிடத் தேவலை. சொல்ல முடியாது...!

ஜெயந்தி என்னிடம் வந்து, "நீயும் இவ்வளவு ஓடினியே நடராஜா" என்றாள். தலையாட்டினேன். பிறகு அந்த மாடிக்கு நான் போகவில்லை. அவளுக்கு எங்கோ வெளியூரில் கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன்.

நான் எவருக்கும் இரத்தம் கொடுத்ததில்லை. கொடுத்தால் வகை தெரிந்துவிடுமே! என் ஓட்டுநர் உரிமத்தில் இன்றும் பி பாசிடிவ் என்றுதான் இருக்கிறது. என் மனைவிக்கும் அதுதான் தெரியும்.

குணாவின் அம்மா இப்போது கே.கே. நகரில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்றே போவேன். போன மாதமும் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்திருந்தார். அம்மா என் தோளில் கை வைத்து அவரிடம் சொன்னார்:

"எம்புள்ளைக்கு ரத்தம் தேடி, அன்னிக்கு இந்தப் புள்ள வெயில்ல ஓடிக்கினே இருந்திச்சு. இத்த பாத்தா அவன பாத்த மாதிரி கீது."

பக்கத்து வீட்டுக்காரர் போனதும், "அம்மா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த இன்னாத்துக்கு இப்ப பேசுற? கைய கழுவிக்கினு வா, சாப்பிடு."

அவர் தடுத்ததால்தான் நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். அதுவும் பொய். இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது... நிறைய இருந்தது.

தட்டில் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன். போதுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.