ஆற்றைத் தாண்டாத மிங்கோ

மிங்கோ கிழவருக்கு டெலவேர் ஆற்றைக் கண்டாலே ஆகாது. பிலடெல்பியாவில் பாதிப் பேருக்குப் பிழைப்பே அந்த ஆறுதான். எதிர்க்கரையில் நியூ ஜெர்சி. படகில் ஏறினால் ஒரு சுருட்டுப் பிடித்து முடிப்பதற்குள் போய் இறங்கிவிடலாம். அங்கே பீச் பழம் மலிவு, காற்றும் நல்ல காற்று. ஞாயிற்றுக்கிழமையானால் ஊரில் பாதி அந்தக் கரையில்தான் கிடக்கும். மிங்கோ மட்டும் போனதே இல்லை. வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பிழைத்த மனிதர் அவர். படகுத்துறைக் கிடங்குக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூப்பிட்டால் வருவார். ஆனால் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நிற்கமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எதைத் தின்னக் கொடுத்தாலும், கொடுத்தவர் முதலில் ஒரு வாய் தின்ன வேண்டும். அதற்கப்புறம்தான் இவர் கை நீட்டுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரே சிரித்தது. எதைக் கண்டு அரண்டார் என்று கேட்டவர்கள்தான் குறைவு.

அரண்ட காலத்தில் அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது அவர் இன்னொருவருடைய சொத்து. அதனால் இப்போதைக்கு அவன் என்றே சொல்கிறேன்; ஊரும் அப்படித்தான் சொன்னது.

சொத்துக்காரர் கர்னல் டார்வர். எந்தப் போரில் கர்னல் ஆனார் என்று அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. தெற்கே ஜார்ஜியாவிலிருந்து காங்கிரஸ் என்ற அமெரிக்கச் சட்டசபைக்கு வந்த மெம்பர். சபை அப்போது பிலடெல்பியாவில்தான் கூடியது. கூடும் மாதங்களில் விதவை ஸ்டோக்லியின் விடுதியில் தங்குவார். அங்கே ஒரே கட்சிக்காரர்கள் ஆறு பேர் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே மாதிரி ஏப்பம் விட்டு, மறுநாள் சபையில் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள். பரிமாறுவது, கர்னலுக்குச் சவரம் செய்வது, அவர் முடிக்குப் பவுடர் தூவுவது எல்லாம் மிங்கோவின் வேலை. நாட்டு ரகசியம் அத்தனையும் அவன் தலைக்கு மேலாகவே பேசுவார்கள். நாற்காலிக்கு முன்னால் பேச யார் கூச்சப்படுவார்கள்?

1797ஆம் வருஷம் பிப்ரவரியில், மார்க்கெட் வாசலில் மிளகு போட்ட குடல் சூப் விற்கும் ஹாகர் அவனைப் பிடித்து நிறுத்தினாள். யாருக்கும் சொந்தமில்லாத கறுப்புப் பெண். நாக்கு அவள் சூப்பைவிடக் காரம்.

"யோவ், உன் எசமான் தேர்தல்ல தோத்துட்டாராமே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"மார்ச்சோட அவரு பதவி முடியுது. அப்புறம் அவரு மெம்பர் இல்ல. அப்போ நீ யாருன்னு யோசிச்சியா?"

"நான் எப்பவும் போல மிங்கோதான்."

"மண்ணாங்கட்டி! வெளியூருலேர்ந்து அடிமையைக் கூட்டிட்டு வந்தா, இந்த ஊருல ஆறு மாசத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாதுய்யா. வச்சிருந்தா அவனுக்கு விடுதலை. சட்டமே இருக்கு. மெம்பருங்களுக்கு மட்டும் ஒரு சந்து விட்டு வச்சிருக்காங்க, சபை நம்ம ஊருல நடக்கணுமே! மார்ச்சுல அந்தச் சந்து அடைபடும். அவரு மட்டும் ஊருக்குப் போகாம இங்கயே உக்காந்திருந்தாருன்னா..."

"எனக்கு என் எசமான்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா" என்று உரக்கச் சொல்லிவிட்டு மிங்கோ நடையைக் கட்டினான்.

உரக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஜார்ஜியாவில் அவன் அண்ணனிடம் ஒரு துணி வியாபாரி இப்படித்தான் நயமாகப் பேச்சுக் கொடுத்தான். "வழி இருந்தா ஓடிப்போயிடுவியாப்பா?" என்று கேட்டான். அண்ணன் மனதைத் திறந்தான். மறுநாள் காலையில் அண்ணனை விற்றுவிட்டார்கள். அதற்கப்புறம் மிங்கோ அவனைப் பார்க்கவே இல்லை. கர்னலே சூப்புக்காரியை ஏவி ஆழம் பார்க்கிறாரோ என்னவோ, யார் கண்டது?

மார்ச் வந்தது. பதவிக்காலம் முடிந்து மெம்பர்கள் பெட்டி கட்டிப் புறப்பட்டார்கள். கர்னல் மட்டும் போகவில்லை. காட்டு நிலம் வாங்கி விற்கும் கூட்டாளிகள் சிலர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஊருக்கு, அடுத்த வாரம் ஊருக்கு என்றே வசந்தம் போய்க் கோடை வந்தது. மிங்கோ வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த மனிதரை அவன் அவ்வளவு அருமையாகக் கவனித்துக்கொண்டது அதற்கு முன் கிடையாது. கத்தி பட்டது தெரியாமல் சவரம் செய்தான். மெத்தையை இரண்டு முறை உதறிப் போட்டான். ஊர் நினைப்பே அவருக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்தான்.

"என்னடா, இப்பல்லாம் விழுந்து விழுந்து கவனிக்கறே?" என்று கர்னல் கண்ணாடி வழியாக அவனையே பார்த்தார்.

"வயசாகுதுங்களே ஐயா, உங்களுக்கு" என்றான். நுரையைத் துடைத்துவிட்டுப் பவுடர் டப்பாவை எடுத்தான்.

ஆகஸ்டில் பழைய மேஜைக்காரர் ஒருவர், கரோலினா வக்கீல், வழியில் தங்கிச் சாப்பிட வந்தார். மிங்கோ ஆட்டுக்கறித் தட்டோடு உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தான், பேச்சு தொடங்கியது. சாறு எடுத்துக்கொண்டு போனான், மறுபடி நின்றது. வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். கர்னல் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இத்தனை வருஷம் போரையும் வரியையும் அவன் காதுபடப் பேசியவர்கள் இப்போது எதை மறைக்கிறார்கள்? நாற்காலிக்குக் காது முளைத்ததாக அவர்களே நினைக்கிறார்கள் என்றால், சட்டம் உண்மைதான். ஹாகர் சொன்னதை அவன் நம்பவில்லை. அந்த மௌனத்தை நம்பினான்.

அன்று மாலையே கர்னல் கூப்பிட்டார். குரலில் தேன்.

"மிங்கோ, துறைமுகப் பக்கம் மஞ்சக் காய்ச்சல் வந்திருக்காம்டா. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மனசு தாங்காது. காலைல அக்கரைக்குப் போவோம். நாலு நாள் ஜெர்சில இருந்துட்டு வந்துடலாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் மழை பெய்வதும் உண்மையாக இருந்ததுதான் சங்கடம். துறைமுகத் தெருக்களில் நிஜமாகவே சாவு விழுந்துகொண்டிருந்தது. மிங்கோ தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஹாகரிடம் ஓடினான்.

"நாலு நாள்தானாம். போனா என்ன?"

"ஒரு நாள் போனாலும் போச்சு. ஆத்தத் தாண்டினா கணக்கு மறுபடி மொதல்லேர்ந்து. அதுக்குத்தான் கூப்பிடறாரு."

"ஒனக்கு யாரு சொன்னது?"

"அடிமை ஒழிப்புச் சங்கத்து வக்கீலு."

"அவருக்கு இதுல என்ன லாபம்?"

"அட கடவுளே! கிணத்துல விழுந்தவனுக்குக் கயிறு போட்டா, கயித்துக்கு என்ன உள்நோக்கம்னு கேப்ப போலருக்கே! ஓடிறாத. ஓடினா ஓடிப்போன அடிமை. எந்த ஊருலயும் புடிச்சுக் கட்டுவாங்க. இருக்கற எடத்துலயே இரு. அவ்வளவுதான்."

அவள் பேச்சில் பொய் தெரியவில்லை. பொய் தெரியாதபடி பேசுகிறவர்கள்தானே ஆபத்தானவர்கள்? சங்கத்து வக்கீல், ஹாகர், கர்னல், எவரையும் நம்பாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தோன்றியது.

விடிந்ததும் சமையலறையில் முந்தின நாள் காபி வண்டலை வழித்து, வினிகரில் கரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். மாடியறைக்குப் போய்ப் படுத்தான். கர்னல் கதவைத் தட்டியபோது, வயிறு தன் பங்கை ஒழுங்காகச் செய்தது. பாத்திரம் நிறையக் கறுப்பு வாந்தி. மஞ்சள் காய்ச்சல் முற்றினால் வாந்தி அப்படித்தான் வரும்; அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கர்னல் வினிகர் நனைத்த கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நடிக்கறான்! இவங்க ஜாதிக்கு இந்தக் காய்ச்சல் வராதுன்னு டாக்டருங்களே சொல்லியிருக்காங்க."

விதவை ஸ்டோக்லி படியேறி வரும் சத்தம் கேட்டது. அந்த வீட்டிலேயே அவன் அதிகம் பயந்தது அவளுக்குத்தான். கண்கொத்திப் பாம்பு, சர்க்கரைக் கட்டி ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிப்பாள். நேரே உள்ளே வந்து, பாத்திரத்தின் மேல் குனிந்தாள். நன்றாகவே குனிந்தாள். காபி வாடை அந்த அறை முழுக்க இருந்தது. நிமிர்ந்து மிங்கோவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"தொண்ணூத்தி மூணுல இந்தக் காய்ச்சல் வந்தப்பவும் டாக்டருங்க அதேதான் சொன்னாங்க, கர்னல்" என்றாள். "அதை நம்பி என் புருஷனைக் கவனிக்க சூக்கின்னு ஒரு கறுப்புப் பொண்ணை வச்சேன். அவரு போன அஞ்சாம் நாள் அவளும் போயிட்டா, இதே கட்டில்ல. உங்க எடத்துல நான் இருந்தா இந்நேரம் படகுல இருப்பேன்."

கர்னல் இரண்டு படி பின்வாங்கினார். "பூட்டி வைங்க இவனை! ஓடிறப் போறான். பொழச்சான்னா எனக்கு ஆள் அனுப்புங்க" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கத்திவிட்டுப் போனார். வெளியே வண்டி நகர்ந்தது. உள்ளே பூட்டு விழுந்தது.

அந்தப் பூட்டுச் சத்தத்தில்தான் மிங்கோவின் சந்தேகம் முழு வளர்ச்சி பெற்றது. காபி என்று தெரிந்தும் இவள் ஏன் சொல்லவில்லை? எதற்காகப் பூட்டினாள்? கர்னலிடம் பேரம் பேசவா? தினமும் கதவை லேசாகத் திறந்து கஞ்சியும் ரொட்டியும் வைத்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போனாள், ஒரு வார்த்தை பேசாமல். அவன் முதல் கவளத்தை, கதவு திறந்தபோது நுழைந்த விடுதிப் பூனைக்கு வைத்தான். பூனை தின்று, முகம் கழுவி, கொட்டாவி விட்ட பிறகுதான் தான் தின்றான். செப்டம்பர் முழுக்க அந்தப் பூனைதான் கொழுத்தது.

முதல் பனி விழுந்து காய்ச்சல் அடங்கியதும் கர்னல் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். ஆனால் ஆறு மாதம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. ஹாகர் சங்கத்து வக்கீலை அழைத்துவந்து வாசலில் நிறுத்தியிருந்தாள். விஷயம் நீதிபதியிடம் போயிற்று.

"இவன் இந்த ஊருலயே இருந்தான்னு என்ன நிச்சயம்?" என்று கர்னல் குதித்தார். "கூட்டமா எல்லாரும் ஆத்தத் தாண்டி ஓடினப்போ இவனும் போயிருப்பான். இவனுக்கு யாரு சாட்சி?"

அவனுக்கு யார் சாட்சி? பூனையா?

நீதிபதி விதவையைக் கூப்பிட்டார். "இவன் நடுவுல வெளிய போனானாம்மா?"

"எப்படிங்க போவான்? பூட்டினது நான். பூட்டச் சொன்னது கர்னல். சாவி ராத்திரி பகலா என் இடுப்புலதான் இருந்துச்சு." சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "கர்னல் சொல்லுக்கு என் வீட்ல எப்பவும் மரியாதை உண்டுங்க."

நீதிமன்றத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கர்னல் காது சிவந்தது.

"நிஜமாவே காய்ச்சல் இருந்துச்சா?" என்றார் நீதிபதி.

"நான் வைத்தியர் இல்லீங்க. கறுப்பா வாந்தி எடுத்தான், அதைக் கர்னலும் பார்த்தாரு. பார்த்துட்டு ஓடினதும் அவர்தான்."

இரண்டு மாதமாக மிங்கோ சபித்த பூட்டுதான் அவனுக்குச் சாட்சி சொன்னது. தீர்ப்பு எழுதி முடித்தபோது அவன் நின்றுகொண்டே அழுதான். அண்ணனை நினைத்து அழுதான்.

வெளியே படிக்கட்டில் கர்னல் காத்திருந்தார். முகத்தில் சிரிப்பு. "போகட்டும்டா. நானும் கெட்டவன் இல்ல. ஒன் கம்பளிக் கோட்டு என் பெட்டியோட படகுல இருக்கு. குளிர் வருது பாரு. வந்து எடுத்துக்க."

நல்ல கோட்டு அது. மிங்கோவுக்கென்று இருந்த ஒரே பொருள். மிங்கோ படகுத்துறைப் பக்கம் பார்த்தார். அந்த இரண்டு ஆட்களும் படகுக்கு அருகில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்களே போட்டுக்கங்க கர்னல்" என்றார். ஐயா என்று சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் வெள்ளையடித்தார்.

அடுத்த வசந்தத்தில் விதவையின் விடுதிக்கும் அவர்தான் வெள்ளையடித்தார். வேலை முடிந்ததும் அவள் காபி கொண்டுவந்தாள். அவர் கோப்பையைத் தொடாமல் நின்றார்.

"காபி வாடை அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே அம்மா?"

"என் மூக்குக்கு ஒண்ணும் கேடு வரலையே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சூக்கி எனக்குக் காய்ச்சல்மான்னு சொன்னா. நடிக்காதடீன்னு சொல்லி வேலை வாங்கினேன்" என்றாள். பிறகு கோப்பையை எடுத்து, தானே ஒரு வாய் குடித்து, அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

ஹாகரை அவர் கட்டிக்கொண்டார். அதற்கு மூன்று வருஷம் யோசித்தார். "என்னை விசாரிச்ச அளவுக்குத் திருடனைக்கூட விசாரிச்சிருக்க மாட்டாங்க" என்று அவள் சந்தைக்கே கேட்கும்படி சொல்வாள். ஆனால் சூப்பை ஒரு கரண்டி தான் ருசித்துவிட்டுத்தான் அவருக்கு ஊற்றுவாள். மகள் டெம்பரன்ஸும் அதைப் பார்த்தே வளர்ந்தாள்.

அந்த டெம்பரன்ஸுக்கு ஜெர்சியில் மாப்பிள்ளை அமைந்தான். கல்யாணம் அக்கரையில். மிங்கோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு படகுத்துறை வரை வந்தார். படகுக்காரன், ஹாகர், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கூப்பிட்டார்கள். "போய் நல்லபடியா முடிச்சுட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்" என்றார். வெயில் ஏறி இறங்கும்வரை அங்கேயே நின்றார். சுமை தூக்குகிறவர்கள் கேலி செய்தார்கள். தண்ணீர் மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் படகு திரும்பியது. டெம்பரன்ஸ்தான் முதலில் குதித்து இறங்கினாள். கையில் துணியில் சுற்றிய கல்யாணக் கேக். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. துணியைப் பிரித்து, ஒரு விள்ளல் தன் வாயில் போட்டு, மென்று விழுங்கி, அவர் பார்க்கும்படி வாயைத் திறந்து காட்டிவிட்டு, மீதியை அவர் கையில் வைத்தாள்.