ஒன்பதாயிரம் அடியில் நின்ற செல்வா

பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். மெக்கானிக்கல் கடைசி வருஷம். எதுவாக இருந்தாலும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் காரணம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவன். இதிலும் பிடித்துக்கொண்டு போனேன், கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பில்தான் டைப் பண்ணுகிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் போங்கள்.

நெட்டில் எங்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆளாளுக்குத் தன் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவார்கள். இன்னொருத்தர் தன் வீட்டில் ரேடார் திரையோடு கண்ட்ரோலராக உட்கார்ந்து மைக்கில் இறங்கு, திரும்பு என்பார். விளையாட்டுதான், ஆனால் சட்டமெல்லாம் நிஜ விமான நிலையம் மாதிரியே. அதில் முக்கியமானது ரீட்பேக். நான் ஆறாயிரம் அடிக்கு இறங்கு என்றால் பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையா, அவன் காதில் விழவில்லை என்று அர்த்தம். கண்ட்ரோலர் ஆவதற்குப் பரீட்சை உண்டு. அதில் நான் இரண்டு முறை ஊத்திக்கொண்டவன். மூன்றாவதும் போனால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணி, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி ரூம். பரீட்சை வைக்கிற பெங்களூர்க்காரர் லைனில் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். மதுரைக்கு வருகிற விமானங்களை நான் இறக்க வேண்டும். அதில் ஒன்று செல்வாவுடையது. என் கிளாஸ்மேட், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டிலிருந்து ஓட்டுகிறான். திருவனந்தபுரத்தில் கிளம்பி மலையைத் தாண்டி ஒன்பதாயிரம் அடியில் வருகிறான்.

ஆறாயிரத்துக்கு இறங்கு என்றேன். அழகாகத் திருப்பிச் சொன்னான். அன்றைக்கு அவனுக்குச் சளி, மூக்கடைத்த குரல், சாட்சாத் அவனேதான். ரேடாரைப் பார்க்கிறேன், ஒன்பதாயிரம். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி சொன்னேன். ஆறாயிரத்துக்கு இறங்குகிறேன் என்று மறுபடி பதில் வந்தது. ரேடாரில் அதே ஒன்பதாயிரம். மூன்றாவது தடவையும் அப்படியே. மனுஷன் சொல்வதைச் செய்யாவிட்டால்கூடப் பரவாயில்லை, செய்கிறேன் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்யாமலிருந்தால் எப்படி இருக்கும்? பின்னால் இரண்டு விமானம் வரிசையில் நிற்கிறது, என் பரீட்சை என் கண் முன்னால் நாறிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோய், "ஏலே, எறங்குலே! எருமை!" என்று மைக்கில் கத்திவிட்டேன்.

பெங்களூர்க்காரர் பரீட்சையை அங்கேயே நிறுத்தினார். ஃபெயில். ஆனால் கத்தினதற்காக இல்லை. மதுரையில் கிளம்பின ஒரு விமானத்தை எட்டாயிரத்துக்கு ஏறச் சொன்னதே நான்தானாம். அதை மறந்துவிட்டு, அதன் தலைக்கு மேலேயே செல்வாவை இறங்கச் சொல்லியிருக்கிறேன். "உங்க பைலட் ஒவ்வொரு தடவையும் சரியா திருப்பிச் சொன்னார், ஆனா எறங்கலை. அதனாலதான் மோதலை" என்றார்.

அந்த வேகத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். செல்வா கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"என்னலே, வேணும்னே பண்ணுனியா? மூணு தடவ சொன்னேன்லா?"

"நீ எங்கலே எறங்கச் சொன்ன? ஒம்பதாயிரத்துலயே நில்லுன்னுதானே சொன்ன?"

"நானா? செவுட்டுல விட்டேன்னா தெரியும்!"

உள்ளேயிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்தார்கள். "என்னத்துக்குப்பா வாசல்ல நின்னு கத்துதிய? உள்ள வந்து கத்துங்க."

உள்ளே போய் அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது, அவன் என் ஃப்ரீக்குவன்சிக்கு வரவே இல்லை. கண்ட்ரோலர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு அலைவரிசை, பைலட் அதற்கு மாறினால்தான் பேசுவது கேட்கும். முந்தின கண்ட்ரோலர் மாறச் சொன்ன நேரத்தில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிவைக்க அம்மா கூப்பிட்டிருக்கிறார்கள், பயல் போய்விட்டு வந்து மறந்துவிட்டான். அந்தப் பழைய கண்ட்ரோலரும் அதற்குள் லாக் அவுட் பண்ணிவிட்டார். அதாவது செல்வா பேசினது எனக்குக் கேட்க வழியே இல்லை, நான் பேசினது அவனுக்கும் கேட்க வழியில்லை. பெங்களூர்க்காரருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். அவர் பக்கத்துப் பதிவிலும் செல்வா கடைசிவரை பழைய ஃப்ரீக்குவன்சியில்தான். அப்படியானால் என்னிடம் மூன்று தடவை திருப்பிச் சொன்னது யார் என்று அவரே கேட்டார்.

"ஒன் குரல் வந்துச்சுலே, அப்பொறம் நான் எதுக்கு மாத்தணும்?" என்று செல்வா திரும்பத் திரும்பச் சொன்னான். பேசுவதும் கேட்பதும் எங்கள் எல்லோர் கம்ப்யூட்டரிலும் தானாகப் பதிவாகும். வாய்ப்பேச்சு வேண்டாம், அந்த ரெக்கார்டிங்கைப் போடு என்றேன்.

போட்டான். நான்தான். என் குரல், என் இங்கிலீஷ், வாக்கியத்தை முடிக்கும்போது நான் இழுக்கிற இழுப்புகூட. ஒன்பதாயிரத்திலேயே நில் என்கிறது. நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ரெக்கார்டிங்கில் அது இல்லை.

ஏஐ வைத்து அவன் பண்ணியிருப்பான் என்று கிளாஸில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன், ஒரு வாரம் அவனோடு பேசவுமில்லை. ஆனால் நம்ம செல்வா ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கவே என்னைக் கூப்பிடுகிறவன். அவன் பண்ணியிருந்தாலும், என் ஃப்ரீக்குவன்சிக்கே வராதவன் குரல் பெங்களூர்க்காரர் காதில் எப்படி விழுந்தது? கேட்டால் எல்லாருக்கும் சிரிக்க மட்டும் தெரிகிறது.

இரண்டு ரெக்கார்டிங்கையும் நேரம் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினேன். பதினொன்று இருபத்திரண்டு. என்னுடையதில் நான் எறங்குலே என்று கத்துகிற அதே வினாடியில், அவனுடையதில் என் குரல் நிதானமாக, "செத்த பொறுலே, கீழ ஒருத்தன் ஏறுதான்" என்கிறது. பரீட்சையில் அந்தக் குரல் உட்கார்ந்திருந்தால் பாஸ் ஆகியிருக்கும்.

இன்னொன்று. என் மாடி ரூம் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று அடிக்கும். நான் கத்துகிறபோது பின்னால் அது கேட்கிறது. நிதானமாகப் பேசுகிற அந்தக் குரலுக்குப் பின்னாலும் அதே டக், டக், அதே வேகத்தில். அன்றைக்கு அந்த ரூமில் நான் மட்டும்தான் இருந்தேன்.