நாற்பத்தோராவது கிலோமீட்டர்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அன்று என்னோடு நின்ற நான்கு வேலையாட்களும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அண்ணன் கடைசியாக என்னிடம் பேசியது சாப்பாட்டு டப்பாவைப் பற்றி. "இன்னைக்கும் என் டப்பாவைத் தூக்கிட்டுப் போயிடாதடா. அப்புறம் நான் பைப்பைத்தான் கடிக்கணும்." சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அன்று மதியம் 2.17க்கு, நாற்பத்தோராவது கிலோமீட்டரில் எண்ணெய்க் குழாய் வெடித்தது. அவன் பக்கத்தில் நின்றிருந்தான்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. ஓடும் எண்ணெயோடு குழாய்க்குள் ஒரு கருவியை அனுப்புவோம். 'பிக்' என்போம். உள்ளே எங்கெங்கே அரித்திருக்கிறது என்று அதன் சென்சார்கள் பதிந்துகொண்டே போகும். அந்த இடத்தில் குழாய்ச் சுவர் 78 சதவீதம் அரித்துவிட்டதாக அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தான். இன்ஜினியர் அதை 38 ஆக்கினார். தோண்டினால் எண்ணெயை நிறுத்த வேண்டுமே. விசாரணையில், அண்ணன்தான் தப்பாகப் படித்தான் என்று முடித்துவிட்டார்கள். இன்ஜினியர் மாற்றியதை அவன் வீட்டில் சொன்னது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும். கையில் ஆதாரம் இல்லை.

குழாயை மாற்றினார்கள். அடுத்த வருடம், புதுக்குழாயில் முதல் ஓட்டம். அதே இடத்தில், குழாய்க்கு மேலே மண்ணில் ஊன்றிய மைக்கின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிக் கடக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பின்னால் அதே இன்ஜினியர், நான்கு வேலையாட்கள்.

2.15. தூரத்தில் உரசல்... கர்ர்ர்...

2.17. காலுக்கு நேர் கீழே வந்தது. நின்றது.

டொக்... டொக்... டொக்.

பிக் கடந்ததும் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவது அண்ணன் பழக்கம். வேறு யாருக்கும் கிடையாது.

"மாட்டிக்கிச்சா? குடுய்யா இங்க." இன்ஜினியர் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டினார்.

முகம் வெளுத்தது. கழற்றப் பார்த்தார். கை எழவில்லை.

உதவ என் கை நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

2.28.

"எழுபத்தெட்டு," என்றார். "எழுபத்தெட்டுதான். நான்தான் மாத்துனேன்... சொல்லிட்டேன்ல... விட்ருப்பா..."

நான்கு பேரும் கேட்டார்கள்.

பிக் நகர்ந்தது.

அவர் வேலை போனது. அண்ணன் மேல் இருந்த பழியும் போனது. அவருக்கு அதன்பின் இரண்டு காதும் கேட்கவில்லை.

பதிவைப் பிறகுதான் பார்த்தேன். நாற்பத்தோராவது கிலோமீட்டர், அரிப்பு 78 சதவீதம். தோண்டினோம். புதுக்குழாய், ஒரு கீறல் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை, வேறு வேறு பிக் ஓடிவிட்டது. இப்போது அறிக்கை எழுதுவது நான்.

இன்னும் 78தான்.