யோருன் கவிழ்த்துப் பார்த்த பெட்டகம்

எங்கள் சேட்டஸ்டால் பள்ளத்தாக்கில் யார் வீடு மாறினாலும் யோருன் ஹோவெட்டைத்தான் கூப்பிடுவார்கள். அவளிடம் ஒரு பச்சை லாரி இருந்தது. லாரியோடு நானும் இருந்தேன். என் பெயர் சால்வே. பத்தொன்பது வருஷம் அவளோடு சுமை தூக்கினேன். பியானோ, பீரோ, இரும்பு அடுப்பு, ஒருமுறை பஞ்சடைத்துப் பாடம் செய்த நிஜக் கரடிகூட. எதுவானாலும் ஒரு முனையில் அவள், மறு முனையில் நான்.

ஆள் குள்ளம்; தோள் மட்டும் கதவை அடைக்கும். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டாள். எழுத்துகள் அவள் கண்ணுக்கு நிலையாக நிற்காது. ஒரு பக்கம் வாசித்து முடிக்க அரை மணி நேரமாகும். வாத்தியார் மக்கு என்றார், அவளும் நம்பிவிட்டாள். மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள், கல்யாணம் செய்தாள், அதிலிருந்து வெளியே வந்தாள், கையிலிருந்த பணத்துக்கு லாரியை வாங்கினாள். கடிதம், ரசீது எதுவானாலும் என்னிடம் நீட்டி "வாசிடா" என்பாள். அதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. எனக்குத்தான் ஆரம்பத்தில் கொஞ்சம் இருந்தது.

பெட்டகம் இல்லாத வீடு எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. கல்யாணப் பெண்ணின் துணிமணி வைத்து அனுப்பிய மரப்பெட்டகங்கள். முகப்பில் சிவப்பும் நீலமுமாகப் பூக்கொடி, நடுவில் பெண்ணின் பெயர், வருஷம். வீட்டுக்காரர்கள் அந்த முகப்பைக் காட்டிப் பெருமையடிப்பார்கள். யோருனுக்கு முகப்பு பொருட்டே இல்லை. லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொரு பெட்டகத்தையும் ஒரு நிமிஷம் கவிழ்ப்பாள். "பூச்சி இருக்கான்னு பாக்குறேன்" என்று சொல்லிவைப்பாள். உண்மையில் அவள் பார்த்தது ரம்பத்தின் தடம், ஆணியின் தலை, பலகையும் பலகையும் சேரும் இடம். முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை நூறு பார்த்திருப்பாளோ, கணக்கில்லை. இதைப் படிப்பு என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

2009 ஏப்ரலில் தல்லாக் எங்களைக் கூப்பிட்டார். எண்பத்தோரு வயது, தனிக்கட்டை. பண்ணையை விற்றுவிட்டு, கிறிஸ்தியான்சாண்ட் நகரத்தில் படியேற வேண்டாத ஒரு சின்ன வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டுக்குள் பெட்டகம் நுழையாது. அதற்கு முந்தின வாரம் நகரத்து ஏலக்கடையிலிருந்து ப்ரேபென் என்ற மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ஒரு காகிதம் கொடுத்திருந்தார். நான்தான் வாசித்தேன்: பைன் மரம், வருஷம் 1846, மதிப்பு நாலாயிரம் க்ரோனர். போகிற வழியில் பழம்பொருள் கடை ஒன்றில் அதை இறக்கிவிட வேண்டியதுதான் எங்கள் வேலை.

நான் இடது பக்கம் பிடித்தேன், அவள் வலது பக்கம். நாலடி போயிருப்போம்.

"சால்வே, இறக்கு."

"என்னாச்சு, முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"முதுகு இல்லடா. இது பைன் கிடையாது."

"காகிதத்துல பைன்னுதானே போட்டிருக்கு?"

"அதை எழுதுனவன் இதைத் தூக்கினானா?"

நியாயமான கேள்வி. உள்ளும் புறமும் வண்ணம். உள்ளே அதன் மேல் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. மரம் எங்கேயும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த அளவு பைன் பெட்டகத்தை நானும் அவளும் மாடிப்படியில் பேசிக்கொண்டே ஏற்றுவோம். இதற்கு எனக்கு மூச்சு வாங்கியது.

கம்பளியை விரித்து அதன் மேல் கவிழ்த்தோம். யோருன் டார்ச் விளக்கோடு குப்புறப் படுத்தாள். தல்லாக் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"நாப்பது வருஷமா அது மேல உக்காந்துதான் பூட்ஸ் கழட்டுறேன். என் பின்பக்கத்துக்குத் தெரியாதது என்னம்மா அதுல இருக்கு?"

"உங்க பின்பக்கம் மேல்பக்கத்தைத்தானே பாத்துச்சு" என்றாள் யோருன் தலை நிமிராமல். தல்லாக் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

பிறகு என் கையைப் பிடித்து இழுத்து ஒவ்வொன்றாகத் தடவ வைத்தாள். கீழே சுற்றிலும் ஓடிய அடிச்சட்டம் பைன். அதில் இருந்தவை தொழிற்சாலை ஆணிகள். அது 1846-க்குப் பொருந்தும். ஆனால் சட்டத்துக்கு உள்ளே நாலு மூலையிலும் கனமான பலகைகள், கால்களாக நீண்டு, பாதியில் அறுபட்டு நின்றன. அடிப்பலகை அவற்றில் காடி என்கிற நீளப் பள்ளம் வெட்டிச் செருகப்பட்டிருந்தது. அங்கே ஓர் ஆணிகூட இல்லை. எல்லாம் மர முளை. பலகை முழுக்கக் கோடாரி செதுக்கிய பள்ளங்கள்.

"ரம்பம் பட்ட தடம் எங்கயாவது இருக்கா, தடவிப் பாரு."

"இல்ல."

"ஆத்தோரம் ரம்ப ஆலை வர்றதுக்கு முந்தின வேலைடா இது. கால் உளுத்துப்போனதும் எவனோ அறுத்துட்டு, சட்டத்தை அடிச்சு, பூப்போட்டுப் பொண்ணுக்குக் கொடுத்திருக்கான். மரம் ஓக். வைரம் பாஞ்ச ஓக். நம்ம பள்ளத்தாக்குல விளையாது; கடற்கரையிலேருந்து வந்திருக்கணும்."

"எவ்வளவு பழசு?"

"எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் விடப் பழசு."

அங்கேயிருந்தே ப்ரேபெனுக்குத் தொலைபேசினாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்களும் கேட்டோம். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் முடித்த விதம் இப்படி: "அம்மா, நான் இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். நீங்க பத்திரமா தூக்குங்க. மதிப்புப் போடுறதை எங்ககிட்ட விட்டுடுங்க."

யோருனின் கழுத்து சிவந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுத் தல்லாக்கிடம் திரும்பினாள்.

"ஒரு மாசம் எனக்குத் தவணை கொடுங்க. அருங்காட்சியகத்துல காட்டுறேன். நான் சொன்னது தப்பாயிருந்தா, உங்க வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஒரு க்ரோனர் வாங்காம இறக்கித் தர்றேன்."

"உன் சம்பளமும் அதுல சேர்த்தியா?" என்று என்னைக் கேட்டார் கிழவர்.

"அவனுக்கு என்ன தெரியும்" என்றாள் அவள். அந்த மாதம் எனக்கு வீட்டு வாடகை கட்ட வேண்டியிருந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

அருங்காட்சியகத்தில் ரன்வெய்க் என்ற ஆய்வாளர் இருந்தார். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி வயது சொல்கிறவர். ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசமாட்டார். பெட்டகத்தைக் கவிழ்த்து, அறுபட்ட கால் முனைகளைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இதை அறுத்தவனுக்கு நன்றி சொல்லணும். வளையமெல்லாம் வெட்டவெளிச்சமா தெரியுது. நீங்க எதைப் பாத்துச் சந்தேகப்பட்டீங்க?"

"பாக்கல. தூக்கினேன்" என்றாள் யோருன்.

கால் முனைகளைத் துடைத்துப் படம் எடுத்தார்கள். தெற்குக் கடற்கரை ஓக் மரங்களின் வளைய வரிசையோடு ஒப்பிட வேண்டும், மூன்று வாரமாகும் என்றார். அந்த மூன்று வாரமும் யோருன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வீட்டில் அலமாரியைச் சுவரில் இடித்தாள். அவள் எதையும் இடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அந்த ஆளு சொன்னதுதான் சரின்னா, முப்பது வருஷமா நான் என்னத்தடா பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்று லாரியில் கேட்டாள். வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

அழைப்பு வந்த அன்று தல்லாக்கையும், அதுவரை இடம் மாற்றாமல் தள்ளிப்போட்டிருந்த அவர் சாமானையும் ஏற்றிக்கொண்டு போனோம். ப்ரேபெனும் வந்திருந்தார், நீலக் கோட்டோடு. ரன்வெய்க் ஓர் அறிக்கையை யோருனிடம் நீட்டினார். அவள் அதை அப்படியே என்னிடம் கொடுத்தாள்.

"வாசிடா. சத்தமா."

வாசித்தேன். ஓக் மரம். நாலு கால்களில் நூற்று முப்பத்தெட்டு வளையங்கள் வரை. ஒன்றில் பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியும் தப்பியிருந்ததால் ஆண்டைக் கிட்டத்தட்டச் சொல்ல முடிந்தது. மரம் வெட்டப்பட்டது 1485-க்கும் 1500-க்கும் இடையில்.

தல்லாக், "அப்போ ஐந்நூறு வருஷப் பெட்டி மேலயா நான் பூட்ஸ் கழட்டினேன்?" என்றார்.

"சாணி ஒட்டின பூட்ஸ்" என்றேன் நான்.

யோருன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகு வாய் முழுக்கச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பத்தொன்பது வருஷத்தில் நான் கண்டதில்லை.

ப்ரேபென் தொண்டையைச் செருமினார். "நான் முகப்பைப் பார்த்தேன், வருஷத்தை நம்பிட்டேன். என் தப்பு. நீங்க என்ன பாத்தீங்கன்னு எனக்குக் காட்ட முடியுமா?"

"கோட்டைக் கழட்டுங்க" என்றாள் யோருன்.

"எதுக்கு?"

"கீழ படுக்கணும்."

முட்டுக்கொடுத்து உயர்த்தியிருந்த பெட்டகத்துக்கு அடியில் அவர் படுத்தார். பளபளக்கும் காலணி வெளியே நீட்டியிருக்க, ரன்வெய்க்கும் பக்கத்தில் படுத்தார். நடுவில் யோருன் டார்ச்சோடு. ஒரு மணி நேரம் அவள் பேசினாள். எந்த ஆணி எந்தக் காலத்தது, கோடாரி எந்தக் கையால் ஓங்கப்பட்டது, முளை ஏன் எண்கோணமாக இருக்கிறது என்று எல்லாம். ரன்வெய்க் படுத்தபடியே குறிப்பெடுத்தார். மக்கு என்று சொன்ன வாத்தியார் உயிரோடிருந்தால் அவரையும் கூட்டிவந்து படுக்கவைத்திருப்பேன்.

புதிய மதிப்பீட்டை ப்ரேபெனே எழுதினார்: ஆறு லட்சத்து எண்பதாயிரம் க்ரோனர். அந்த விலைக்கே அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. தல்லாக் யோருனுக்குப் பங்கு கொடுக்க அடம்பிடித்தார். வீடு மாற்றிய கூலிக்கு மேல் ஒரு க்ரோனர்கூட அவள் தொடவில்லை. அதற்குப் பதில் ரன்வெய்க் கேட்ட இன்னொன்றுக்குத் தலையாட்டினாள். அருங்காட்சியகக் கிடங்கில் நாற்பத்திரண்டு பெட்டகங்கள் கிடக்கின்றன. வாரம் ஒருநாள் வந்து கவிழ்த்துப் பார்க்க வேண்டும், சம்பளத்தோடு. முதல் மாதமே இரண்டின் வருஷத்தை மாற்றி எழுதவைத்தாள்.

அறிக்கை வாசித்த அன்று சாயங்காலம் தல்லாக்கை அவருடைய புது வீட்டில் இறக்கிவிட்டோம். மனிதர் உள்ளே போய் உட்காரவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, எதிர் வீட்டுக்காரர்களையெல்லாம் பெயர் தெரியாமலே கூப்பிட்டார். "வாங்க, எல்லாரும் வாங்க! இவதான் யோருன்!" பதினொரு பேர் வந்தார்கள். கட்டம் போட்ட வாஃபிள் அப்பம் சுட்டார், பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி அடுக்கினார். நாற்காலி மூன்றுதான் இருந்தது. பிரிக்காத மூட்டைகளின் மேலெல்லாம் ஆட்கள். யோருன் நடுவில் நின்று ஏழு வாஃபிள் தின்றாள். எட்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, கதையை முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.