தண்ணீர் வண்டி வராத வாரம்

எமர்ஜென்சி காலத்தில் கொத்தடிமைகளை விடுவிக்கச் சட்டம் வந்தபோது, தூத்துக்குடி உப்பளக்காரர்களில் முந்திக்கொண்டவர் என் அப்பாதான். தாத்தா கொடுத்த ஏதோ கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக எங்கள் அளத்தில் உப்பு வாரிய ஒரு குடும்பத்தை அதிகாரி முன்னால் நிறுத்தி, "இனி நீங்க யாருக்கும் அடிமையில்ல" என்றார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். மறுநாள் காலை எங்கள் தண்ணீர் வண்டி அவர்கள் குடிசை முன் மட்டும் நிற்கவில்லை. நம் ஆட்கள் இல்லையே, நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் நியாயம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புப் பாத்தி. குடிதண்ணீருக்கு அவர்களுக்கு வேறு வழியில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது பம்ப் இன்ஜினைப் பழுது பார்க்க வந்த கொச்சி மெக்கானிக் ஒருவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். யூதர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஸ்பேனரைத் தொடமாட்டார். நாற்காலி போட்டாலும் தரையில்தான் உட்காருவார். அடக்கமான மனுஷன் என்று அப்பா மெச்சிக்கொள்வார்.

வண்டி விஷயம் தெரிந்ததும் அந்த அடக்கம் போய்விட்டது.

"எங்க முன்னோர் யூதருங்ககிட்டயே அடிமையா இருந்தவங்க, அண்ணாச்சி. மதத்துல சேத்து விடுதலை கொடுத்தாங்க, ஜெபக்கூடத்துல பெஞ்சு கொடுக்கல. ஜெபத்துல, எகிப்துல நாம அடிமையா இருந்தோம்னு அவங்க பெஞ்சுல இருந்து சொன்னாங்க, எங்கப்பா தரையில இருந்து சொன்னார். நாற்காலியைக் கண்டா எனக்கு அந்த ஞாபகம்தான். அடிமையை அனுப்பும்போது வெறுங்கையோட அனுப்பக்கூடாதுன்னு எங்க சட்டம் சொல்லுது. அது தர்மமில்ல, அவங்க பங்கு."

"சட்டப்படி விட்டாச்சுவே. இன்னும் என்னத்த அள்ளிக் கொடுக்கச் சொல்லுதீரு?"

அப்பா சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. அன்று மெதுவாகத்தான் கேட்டார்.

அந்த வார முடிவில், உச்சிவெயிலில், அந்தக் குடும்பத்துப் பெண் காலிக் குடங்களோடு வந்தாள். உதடு வெடித்திருந்தது. நேராக வராண்டாவில் ஏறி, அப்பாவின் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் நான்கூட உட்கார்ந்ததில்லை.

"எங்க பிள்ளைங்க உப்புத் தண்ணிய குடிக்குதுவ. வண்டி வந்தாத்தான் எந்திரிப்பேன்."

நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கவில்லை. தெரு முனையில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். வராண்டாத் தரையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார்.

தெருவே கூடிவிட்டது. கலெக்டர் காதுக்குப் போய்விடுமே என்ற பயம் அப்பாவுக்கு. கையை ஓங்கவில்லை. "வண்டிய அனுப்புங்கலே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றும் சத்தம் போடாமல் மெதுவாகத்தான் சொன்னார்.

வண்டி அவர்கள் குடிசைக்குப் புறப்பட்ட பிறகுதான் அவள் எழுந்தாள். அதன்பின் தினமும் தண்ணீர் போனது. மறுநாள் காலை கொல்லையில் கோடரிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அப்பா சொல்லி, அவள் உட்கார்ந்த நாற்காலியை ஆட்கள் பிளந்துகொண்டிருந்தார்கள். மெக்கானிக்கும் அதைப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அந்தத் தேக்கை எரித்துத்தான் வீட்டில் எல்லோரும் குளிக்க வெந்நீர் போட்டார்கள். நான் குளிக்கவில்லை.